பழைய யூனிக்ஸ் சோர்ஸ் கோடைத் தொடும் முன்: லைசென்ஸைச் சரிபார்க்கும் முறை

ஏடி அண்ட் டி நிறுவனத்தின் ஆய்வகமான பெல் லேப்ஸில் எழுதிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்புச் (வி7) சோர்ஸ் கோடு இன்று தேடினால் சில நொடிகளில் கிடைத்துவிடுகிறது. அதே நிறுவனத்தின் பிந்தைய யூனிக்ஸான சிஸ்டம் ஃபைவின் சோர்ஸும் அதே சுலபத்தில்தான் கிடைக்கிறது. முதலாவதை நீங்கள் மாற்றலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். இரண்டாவதை உங்கள் பெயரில் மறுபடி ஏற்றினாலே அது உரிமை மீறல். டவுன்லோட் ஆகிறதா என்பதை வைத்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பதிப்பு, யார் உரிமையாளர், யார் எந்தத் தேதியில் எழுத்தில் என்ன கொடுத்தார்கள் என்ற மூன்றையும் ஃபைல் மட்டம்வரை இறங்கிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

முதலில் உங்கள் தேவையைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்து படிப்பது, சிமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பது, மாற்றி எழுதுவது, மற்றவருக்குக் கொடுப்பது, காசுக்கு விற்பது ஆகிய ஐந்தும் ஐந்து தனிச் செயல்கள். ஒன்றுக்குக் கிடைத்த அனுமதி அடுத்ததற்குப் பொருந்தாது. பெரும்பாலான சிக்கல்கள் நான்காவதில்தான் வருகின்றன. கிட்ஹப்பில் பப்ளிக் ரெப்போவாக ஏற்றுவது விநியோகம்தான். "எனக்காக ஒரு பிரதி வைத்திருக்கிறேன்" என்ற வாதம் அங்கே நிற்காது.

பதிப்பை அடையாளம் காணுதல்

ஆர்க்கைவின் பெயரை நம்ப வேண்டாம். "வி7" என்று பெயரிட்ட டார் ஃபைலுக்குள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி நிரல்களும், ஏதோ ஒரு பல்கலைக்கழகம் சேர்த்த கம்பைலரும் கலந்திருப்பது சகஜம். அந்தக் காலத்தில் டேப்பைப் பிரதி எடுத்து அனுப்பியவர்கள் தங்கள் மெஷினில் இருந்ததை அப்படியே அனுப்பினார்கள். எனவே ஃபோல்டர் ஃபோல்டராகப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஃபைலின் தலைப்பில் உள்ள பதிப்புரிமை வரி. காப்பிரைட், ப்ரொப்ரைட்டரி, லைசென்ஸ், ரீஜென்ட்ஸ், பெல் டெலிபோன், ஏடி அண்ட் டி ஆகிய ஆங்கிலச் சொற்களைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லாமல் கிரெப் என்ற தேடல் கட்டளை கொண்டு எல்லா ஃபோல்டர்களிலும் தேடி, முடிவை ஒரு ஃபைலில் சேமியுங்கள். இரண்டு, எஸ்சிசிஎஸ் என்ற பழைய திருத்தப் பதிவுக் கருவி இடும் அடையாள வரி. அட் குறியும் அடைப்புக்குள் ஹாஷ் குறியுமாகத் தொடங்கும் அந்த வரியில் ஃபைல் பெயர், திருத்த எண், தேதி மூன்றும் இருக்கும். பெர்க்லி நிரல்களிலும், ஏடி அண்ட் டியின் உள்பயன்பாட்டு யூனிக்ஸான பிடபிள்யூபி வழியாக வந்த நிரல்களிலும் இதைப் பார்க்கலாம். ஏழாம் பதிப்பு 1979-இல் வந்தது. உங்கள் "வி7" ஆர்க்கைவில் 1983 என்று தேதி போட்ட எஸ்சிசிஎஸ் வரி இருந்தால் அந்த ஃபைல் வேறெங்கிருந்தோ வந்தது என்று பொருள். அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

தலைப்பில் எதுவுமே இல்லை என்பதால் அந்த ஃபைல் பொதுச்சொத்து ஆகிவிடாது. ஏழாம் பதிப்பின் ஃபைல்கள் பெரும்பாலும் மொட்டையாகவே இருக்கும். ஆறாம் பதிப்பில் சி கம்பைலர் போன்ற சில இடங்களில் மட்டும் பெல் டெலிபோன் லேபரட்டரீஸ் பெயர் தென்படும். இதன் பின்னால் அமெரிக்கச் சட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. 1978-க்கு முன் பதிப்புரிமை அறிவிப்பு இல்லாமல் ஒரு படைப்பை வெளியிட்டால் உரிமை போய்விடும். 1978 முதல் 1989 பிப்ரவரி வரை அறிவிப்பு தேவைதான், ஆனால் ஐந்து ஆண்டுக்குள் பதிவு செய்து குறையைச் சரிசெய்துகொள்ள வழி இருந்தது. 1989 மார்ச் 1 முதல் அறிவிப்பே கட்டாயமில்லை. ஏடி அண்ட் டியின் யூனிக்ஸ் துணை நிறுவனமான யுஎஸ்எல், பெர்க்லி நிரலை வைத்து யூனிக்ஸ் விற்ற பிஎஸ்டிஐ மீதும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மீதும் போட்ட வழக்கில், 1993 மார்ச்சில் நீதிபதி டெபவாய்ஸ் இடைக்காலத் தடையை மறுத்தபோது, அறிவிப்பில்லாமல் போன 32வி பதிப்பின் (ஏழாம் பதிப்பின் 32 பிட் வடிவம்) உரிமை தொலைந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எழுதினார். பலர் இதைப் பிடித்துக்கொண்டு "பழைய யூனிக்ஸ் எல்லாம் பொதுச்சொத்து" என்கிறார்கள். அது இடைக்கால உத்தரவில் சொன்ன கருத்து. வழக்கு 1994-இல் சமரசத்தில் முடிந்ததால் அந்தக் கேள்விக்கு இறுதித் தீர்ப்பே வரவில்லை. கையில் எழுத்துப்பூர்வ லைசென்ஸ் இருக்கும்போது இந்த வாதத்தின் மேல் வீடு கட்ட வேண்டியதில்லை.

உரிமை கைமாறிய பாதை

லைசென்ஸ் கொடுத்தவருக்குக் கொடுக்கும் அதிகாரம் இருந்ததா என்று பார்க்க, சங்கிலியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெல் லேப்ஸ் எழுதியது ஏடி அண்ட் டியிடம் இருந்தது. அங்கிருந்து அதன் துணை நிறுவனமான யுஎஸ்எல்லுக்குப் போனது. 1993-இல் யுஎஸ்எல்லை நோவெல் வாங்கியது. 1995-இல் நோவெல் தன் யூனிக்ஸ் தொழிலை சான்டா க்ரூஸ் ஆபரேஷனுக்கு விற்றது. 2001-இல் அந்தத் தொழில் கால்டெராவுக்குக் கைமாறியது. கால்டெரா 2002-இல் எஸ்சிஓ குரூப் என்று பெயரை மாற்றிக்கொண்டு, அடுத்த ஆண்டு ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. பிறகு நோவெலோடு நடந்த வழக்கில், 1995 விற்பனையில் பதிப்புரிமை கைமாறவில்லை, நோவெலிடமே இருக்கிறது என்று 2010 மார்ச்சில் ஜூரி சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2011 ஆகஸ்டில் அதை உறுதிசெய்தது.

ஏன் இவ்வளவு விவரம் என்றால், பழைய யூனிக்ஸுக்கு நாம் நம்பியிருக்கும் முக்கியமான லைசென்ஸ் 2002 ஜனவரி 23 தேதியிட்ட கால்டெராவின் கடிதம். பதிப்புரிமை நோவெலிடம் இருந்ததென்றால் கால்டெரா எப்படிக் கொடுத்தது என்ற கேள்வி நியாயமானது. 1995 ஒப்பந்தப்படி லைசென்ஸ் நிர்வாகம் வாங்கியவரிடம் இருந்தது, ஆனால் அதற்கு வரம்புகளும் இருந்தன. படிப்பு, பாதுகாப்பு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு இந்தக் கடிதத்தை வைத்துத் தாராளமாக வேலை செய்யலாம். உலகம் முழுவதும் ஆர்க்கைவ்கள் அதன் மேல்தான் நிற்கின்றன. ஆனால் ஒரு கம்பெனியின் பொருளுக்குள் வி7 நிரலைப் புதைத்து விற்கப் போகிறீர்கள் என்றால், இந்தச் சங்கிலியை எழுதி வழக்கறிஞரிடம் கொடுத்துக் கருத்து வாங்கிய பிறகே இறங்குங்கள்.

கால்டெரா கடிதத்தில் என்ன இருக்கிறது

கடிதம் இரண்டே பக்கம். சுருக்கத்தைப் படிக்காமல் முழுதாகப் படியுங்கள். அனுமதி தரும் பதிப்புகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது: பிடிபி-11 கணினியில் ஓடும் 16 பிட் யூனிக்ஸின் 1 முதல் 7 வரையிலான பதிப்புகள், அதோடு 32 பிட்டுக்கான 32வி. அதே மூச்சில் சிஸ்டம் த்ரீ, சிஸ்டம் ஃபைவ், அவற்றுக்குப் பின் வந்தவை எதுவும் கிடையாது என்று விலக்குகிறது. பிடபிள்யூபி யூனிக்ஸ் அந்தப் பட்டியலில் பெயராக இல்லை. ஆறாம் பதிப்பிலிருந்து அது பிறந்ததால் அடிப்படைப் பகுதிக்கு அனுமதி உண்டு என்று வாதிடலாம். எஸ்சிசிஎஸ் போல அதில் புதிதாகச் சேர்ந்தவற்றுக்கு அந்த வாதம் எட்டாது.

பட்டியல் பதிப்பைச் சொல்கிறதே தவிர டேப்பைச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். நான்காம் பதிப்பின் முழு டேப் யூட்டா பல்கலைக்கழகத்தில் கிடைத்து 2025 இறுதியில்தான் படிக்கப்பட்டது. கடிதம் எழுதியபோது அது யாருக்கும் படிக்கக் கிடைக்கவில்லை. ஆனாலும் நான்காம் பதிப்பு என்ற பெயர் பட்டியலில் இருந்ததால் லைசென்ஸ் முன்கூட்டியே தயாராக இருந்தது. புதிதாக ஒரு டேப் கிடைத்தால் யாரிடமும் அனுமதி கேட்டு ஓட வேண்டுமா என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

நிபந்தனைகள் நான்கு. சோர்ஸையும் ஆவணங்களையும் பகிரும்போது பதிப்புரிமை வரி, நிபந்தனைகள், பொறுப்புத் துறப்பு மூன்றையும் நீக்கக் கூடாது. பைனரியாகப் பகிர்ந்தால் கூடவே வரும் ஆவணத்தில் அந்த மூன்றும் இருக்க வேண்டும். இந்த மென்பொருளின் அம்சங்களையோ பயன்பாட்டையோ குறிப்பிடும் எல்லா விளம்பரங்களிலும், கால்டெரா இன்டர்நேஷனல் உருவாக்கிய அல்லது அதற்கு உரிமையான மென்பொருள் இதில் அடங்கியுள்ளது என்ற வரியைப் போட வேண்டும். கால்டெராவின் பெயரை வைத்து உங்கள் பொருளுக்குச் சிபாரிசு தேடக் கூடாது.

மூன்றாவது நிபந்தனைதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். இது பழைய நான்கு-பிரிவு பிஎஸ்டி லைசென்ஸின் விளம்பரப் பிரிவு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1999 ஜூலை 22 அன்று தன் நிரல்களுக்கு இந்தப் பிரிவை விலக்கிக்கொண்டது. அந்த விலக்கு அவர்களுடைய நிரலுக்கு மட்டும்தான். கால்டெரா கடிதத்தில் இருக்கும் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் லைசென்ஸ் கூடுதல் நிபந்தனைகளை ஏற்காது. ஆகவே வி7 நிரலை ஜிபிஎல் நிரலோடு சேர்த்து ஒரே பைனரியாக இணைத்து விநியோகித்தால் இரண்டில் ஒரு லைசென்ஸ் உடையும். இரண்டையும் ஒரே டிஸ்க்கில் தனித்தனி நிரல்களாக வைத்துக் கொடுப்பதில் பிரச்சினை இல்லை.

லைசென்ஸ்களுக்குச் சுருக்க அடையாளம் தரும் எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் இந்தக் கடிதத்துக்கு "கால்டெரா" என்றே தனி அடையாளம் இருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள். கிட்ஹப்பில் வி6, வி7 பிரதிகள் பலவற்றில் எம்ஐடி என்றோ மூன்று-பிரிவு பிஎஸ்டி என்றோ லைசென்ஸ் ஃபைல் தொங்குகிறது. ஏற்றியவர் மெனுவில் கையில் கிடைத்ததைத் தேர்ந்தெடுத்திருப்பார். உரிமை இல்லாதவர் ஒட்டிய லேபிளுக்கு மதிப்பு கிடையாது. அதை நம்பி நீங்கள் எடுத்துப் பயன்படுத்தினால் தவறு உங்களையும் சேரும்.

யூனிக்ஸ் என்ற பெயர் வேறு கதை. அந்த டிரேட்மார்க் தி ஓபன் குரூப் வசம் இருக்கிறது. கால்டெரா கடிதம் பெயரைக் கொடுக்கவில்லை. மாற்றி எழுதிய உங்கள் சிஸ்டத்துக்குப் புதுப் பெயர் வையுங்கள், "ஏழாம் பதிப்பிலிருந்து வந்தது" என்று விளக்கத்தில் சொல்லுங்கள்.

பெர்க்லி நிரல்கள்

பெர்க்லியின் யூனிக்ஸ் வெளியீடான 4.3பிஎஸ்டியின் ஃபைலைத் திறந்தால் தலைப்பில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ரீஜென்ட்ஸ் பெயரும், மறுவிநியோகத்துக்கான விதிகளைப் பெர்க்லி மென்பொருள் லைசென்ஸ் ஒப்பந்தம் சொல்கிறது என்ற வரியும் இருக்கும். இதைப் பார்த்து "இதுதானே பிஎஸ்டி லைசென்ஸ்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த ஒப்பந்தம் அன்று பல்கலைக்கழகம் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கையெழுத்து வாங்கிய தாள். அதைப் பெற ஏடி அண்ட் டியின் சோர்ஸ் லைசென்ஸ் ஏற்கனவே கையில் இருக்க வேண்டும். இன்று நாம் பிஎஸ்டி லைசென்ஸ் என்று சொல்லும் பத்திகள் ஃபைலுக்குள்ளேயே முழுதாக எழுதியிருக்கும். இரண்டையும் பார்வையிலேயே பிரித்தறியப் பழகுங்கள்.

4.3பிஎஸ்டியில் 32வியிலிருந்து வந்த பகுதிக்குக் கால்டெரா கடிதம் போதும். பெர்க்லி எழுதிய பகுதியில், ஒரு ஃபைலின் தலைப்பு பழைய ஒப்பந்தத்தையே சுட்டினால், அதே ஃபைல் பிந்தைய வெளியீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். 1991 ஜூனில் வந்த நெட்-2, 1994 ஜூனில் வந்த 4.4பிஎஸ்டி-லைட், 1995-இல் வந்த லைட்-2 ஆகியவற்றில் பெரும்பாலான ஃபைல்கள் முழு பிஎஸ்டி பத்திகளோடு இருக்கின்றன. நெட்-2-ஐ விட லைட்டைத் தேர்ந்தெடுங்கள். வழக்குச் சமரசத்தின்படி சுமார் 18,000 ஃபைல்களில் மூன்று நீக்கப்பட்டன, வேறு சிலவற்றில் மாற்றம் செய்யப்பட்டது, ஏறத்தாழ 70 ஃபைல்களில் யுஎஸ்எல்லின் பதிப்புரிமை அறிவிப்பு சேர்க்கப்பட்டது. லைட் வெளியீடு அந்தச் சலவைக்குப் பின் வந்தது. இரண்டு பதிப்பு ஃபைல்களையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு சிறியதாக இருந்தால் லைட் ஃபைலையே அடிப்படையாக எடுத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது.

4.3பிஎஸ்டியில் உள்ள "நியூ" என்ற ஃபோல்டர் தனி கவனம் கேட்கும். பயனர்கள் அனுப்பிய நிரல்கள் அங்கே குவிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி உரிமையாளர், தனி நிபந்தனை. நேரம் இல்லையென்றால் அந்த ஃபோல்டரை உங்கள் விநியோகத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

நிரல் அல்லாத ஃபைல்களையும் விடாதீர்கள். அகராதிச் சொற்பட்டியல், எழுத்துரு, விளையாட்டின் கேள்விப் பட்டியல் போன்றவற்றுக்கு வெளியார் உரிமை இருக்கலாம். பிஎஸ்டியோடு வரும் "வெப்2" சொற்பட்டியல் 1934-இல் வெளிவந்த வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்தது, அதன் உரிமை காலாவதியாகிவிட்டது என்று அதன் ரீட்மீ ஃபைலே சொல்கிறது. எல்லாவற்றுக்கும் இப்படி எழுதி வைத்தவர்கள் இருந்திருந்தால் நம் வேலை பாதி குறைந்திருக்கும்.

எட்டு, ஒன்பது, பத்தாம் பதிப்புகள்

இவற்றுக்கு 2017 மார்ச்சில் அல்காடெல்-லூசென்ட் யுஎஸ்ஏ நிறுவனம் தன் சார்பிலும் நோக்கியா பெல் லேப்ஸ் சார்பிலும் ஓர் அறிக்கை கொடுத்தது. வணிக நோக்கமில்லாத பிரதி எடுத்தல், விநியோகம், மாற்றி எழுதுதல் ஆகியவற்றுக்கு எதிராகத் தன் பதிப்புரிமையை வலியுறுத்த மாட்டேன் என்பது அதன் சாரம். இது லைசென்ஸ் கிடையாது, வழக்குப் போட மாட்டோம் என்ற வாக்குறுதி. அதிலும் "எங்களால் இயன்ற அளவில்" என்ற சொற்றொடர் இருக்கிறது. தன்னிடம் உள்ள உரிமையைப் பற்றி மட்டும்தான் அந்த நிறுவனம் பேசுகிறது, மூன்றாம் தரப்பின் உரிமையைக் கொடுக்கவில்லை. வணிகப் பயன்பாட்டுக்கு எதுவும் இல்லை, பேட்டன்ட்டும் இல்லை, டிரேட்மார்க்கும் இல்லை.

எட்டாம் பதிப்பு பெர்க்லி நிரலின் மேல் எழுப்பப்பட்டது என்பதால் அதற்குள் பெர்க்லி ஃபைல்களும் உண்டு. நடைமுறையில் இதன் பொருள்: இலவச ரெப்போவாக வைக்கலாம். அறிக்கையின் முழு வாசகத்தை உடன் வையுங்கள். கிட்ஹப்பின் லைசென்ஸ் பெட்டியில் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். எஸ்பிடிஎக்ஸில் "லைசென்ஸ்ரெஃப்" என்று தொடங்கும் சொந்த அடையாளம் ஒன்றைக் கொடுங்கள். இதிலிருந்து ஒரு சிறு ரொட்டீனை எடுத்து எம்ஐடி லைசென்ஸ் புராஜெக்ட்டில் ஒட்டக் கூடாது. எம்ஐடியில் எடுப்பவர் விற்கலாம், இங்கே அது முடியாது. அதற்குத் தேவையென்றால் பிளான் 9 என்ற இயங்குதளத்தைப் பாருங்கள். அதே ஆய்வுக்குழுவிலிருந்து வந்த அந்த சிஸ்டம் 2021 மார்ச்சில் எம்ஐடி லைசென்ஸுக்கு மாறியது.

சிஸ்டம் த்ரீ, சிஸ்டம் ஃபைவ்

சிஸ்டம் ஃபைவ் ஃபைல் ஒன்றைத் திறந்தால் மேலே இரண்டு செய்திகள் இருக்கும். இது ஏடி அண்ட் டியின் வெளியிடப்படாத தனியுரிமை சோர்ஸ் கோடு. மேலே உள்ள பதிப்புரிமை அறிவிப்பை வைத்து இது வெளியிடப்பட்டதாகவோ, வெளியிடும் எண்ணம் இருந்ததாகவோ கருதக் கூடாது. வழக்கறிஞர்கள் யோசித்து எழுதிய வாசகம் அது. அறிவிப்பும் வேண்டும், ரகசியமும் வேண்டும் என்ற இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கும் முயற்சி. நிறுவனத்துக்காக எழுதப்பட்ட படைப்புக்கு அமெரிக்காவில் வெளியிட்டதிலிருந்து 95 ஆண்டு அல்லது உருவாக்கியதிலிருந்து 120 ஆண்டு, எது முன்னால் வருகிறதோ அதுவரை உரிமை உண்டு. காத்திருப்பதில் பயனில்லை.

ஒரு சட்டபூர்வ வழி உண்டு. சன் நிறுவனம் 2005 ஜூனில் தன் யூனிக்ஸான சோலாரிஸின் சோர்ஸை, சிடிடிஎல் என்ற திறந்த லைசென்ஸில் ஓபன்சோலாரிஸ் என வெளியிட்டது. சிஸ்டம் ஃபைவ் வெளியீடு 4-இலிருந்து வந்த பல கட்டளைகள் அதில் இருக்கின்றன. இன்று அதன் வழிவந்த இல்லுமோஸ் திட்டத்தின் சோர்ஸில் அவற்றைப் பார்க்கலாம். அந்த ஃபைல்களில் ஏடி அண்ட் டி பெயரும் இருக்கும், மேலே சிடிடிஎல் தலைப்பும் இருக்கும். சிடிடிஎல் தலைப்பு உள்ள பிரதிதான் உங்களுக்கு உதவும். வேறெங்கோ கசிந்து வந்த அதே பெயர் கொண்ட ஃபைலுக்கு அது பொருந்தாது.

கசிந்த சோர்ஸ் பற்றி ஒரே அறிவுரை: அதே வகை சிஸ்டத்தைத் திரும்ப எழுதும் திட்டம் எதிலாவது பங்களிக்கும் எண்ணம் இருந்தால் திறந்துகூடப் பார்க்காதீர்கள். விண்டோஸுக்கு இணையான சிஸ்டத்தை எழுதும் ரியாக்ட்ஓஎஸ் திட்டம் 2006-இல் இப்படி ஒரு சந்தேகம் எழுந்ததாலேயே தன் நிரல் முழுவதையும் தணிக்கை செய்ய வேண்டியதாயிற்று.

மற்ற சிஸ்டங்கள், சுருக்கமாக

எம்எஸ்-டாஸில் ஒரே நிரலுக்கு இரண்டு லைசென்ஸ் இருக்கிறது. 2014 மார்ச்சில் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் வழியாக வந்த 1.1, 2.0 பிரதிகள் வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும், மறுவிநியோகம் கூடாது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பில் 1.25, 2.0 இரண்டையும் எம்ஐடி லைசென்ஸில் வைத்தது. எனவே கிட்ஹப் பிரதியையே எடுங்கள். 2024 ஏப்ரலில் 4.00-உம் எம்ஐடியில் வந்தது. அதில் வேறு சிக்கல்: பழைய கோட்-பேஜ் எழுத்துகள் யுடிஎஃப்-8 ஆக மாறியதால் சில ஃபைல்கள் அன்றைய அசெம்பிளரில் ஏறவில்லை. லைசென்ஸ் சரியாக இருந்தும் பில்ட் உடைந்தால் முதலில் பைட்டுகளைச் சந்தேகியுங்கள்.

ஆப்பிள் லிசாவின் சோர்ஸ் 2023 ஜனவரியில் அதே மியூசியம் வழியாக வந்தது. படிக்கலாம், கற்கலாம். மறுபடி எங்கும் ஏற்றக் கூடாது. நண்பருக்கு வேண்டுமென்றால் ஃபைலை அனுப்பாமல், மியூசியத்தின் பக்கத்துக்கு அனுப்புங்கள், அவரே ஒப்புக்கொண்டு எடுக்கட்டும்.

ஐபிஎம்மின் பெருங்கணினி இயங்குதளமான எம்விஎஸ் 3.8ஜே பதிப்புரிமை அறிவிப்பின்றி விநியோகிக்கப்பட்டது என்ற அடிப்படையில் பொதுச்சொத்தாகக் கையாளப்படுகிறது. 1969-க்குப் பின் ஐபிஎம் தனியே காசு வாங்கி விற்ற கம்பைலர்களும் பிற புராடக்ட்டுகளும் அந்தக் கணக்கில் சேராது. யூனிக்ஸுக்கு முந்தைய இயங்குதளமான மல்டிக்ஸ் 2007-இல் முழுதாகத் திறக்கப்பட்டது. அறிவிப்பு வரியை வைத்திருந்தால் போதும்.

சிமுலேட்டரின் லைசென்ஸ் வேறு, அதில் ஓடும் டிஸ்க் இமேஜின் லைசென்ஸ் வேறு. சிம்எச் என்ற சிமுலேட்டர் எம்ஐடி பாணி லைசென்ஸில் கிடைக்கிறது என்பதால் பிடிபி-11-இன் ஆர்டி-11 இயங்குதள டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட முடியாது.

ரெப்போவை அமைக்கும் வரிசை

முதலில் மூல ஆர்க்கைவைத் தொடாமல் ஒரு ஃபோல்டரில் வைத்து, அதன் எஸ்எச்ஏ-256 செக்சம்மைக் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் எண்) கணக்கிட்டு எழுதுங்கள். அன்றைய தேதி, எடுத்த முகவரி, பைட் அளவு, பதிப்பு, அனுமதியின் ஆதாரக் கடிதம், நீக்கிய ஃபைல்களின் பட்டியல், நீக்கிய காரணம் ஆகியவற்றை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போடுங்கள். பிறகு ஆர்க்கைவை விரியுங்கள். விண்டோஸிலும் மேக்கின் இயல்பான டிஸ்க்கிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கப்படாது. அந்த வேறுபாடு மட்டுமே உள்ள இரண்டு ஃபைல்கள் இருந்தால் ஒன்று மற்றதை அழித்துவிடும். லினக்ஸில் விரிப்பது பாதுகாப்பு.

கிட்டில் சேர்க்கும் முன் வரி முடிவுகளை மாற்றும் ஆட்டோ-சிஆர்எல்எஃப் வசதியை நிறுத்துங்கள். ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் எல்லா ஃபைலுக்கும் டெக்ஸ்ட் மாற்றம் வேண்டாம் என்று குறியுங்கள். கிட் ஃபைல்களின் பழைய தேதியைச் சேமிக்காது. தேதி என்பது ஒரு ஃபைல் எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்பதற்கான சாட்சி. ஆகவே விரித்தவுடன் பெயர், அளவு, தேதி மூன்றும் உள்ள பட்டியல் ஒன்றை எடுத்துக் கூடவே வையுங்கள்.

முதல் கமிட்டில் மாற்றாத மூலம் மட்டும் இருக்கட்டும். லைசென்ஸ் கடிதத்தின் முழு வாசகம் இரண்டாவது கமிட். உங்கள் மாற்றங்கள் மூன்றாவதிலிருந்து. எஸ்பிடிஎக்ஸ் குறிகளைப் பழைய ஃபைல்களுக்குள் செருகாமல் தனி ஃபைலில் பட்டியலாக வையுங்கள். அப்போதுதான் மூலத்தோடு பைட்டுக்குப் பைட் ஒப்பிட முடியும். நீங்கள் புதிதாக எழுதிய ஃபைல்களுக்கு உங்கள் லைசென்ஸைப் போடலாம். பழைய ஃபைலில் பத்து வரி மாற்றியதால் அது உங்கள் லைசென்ஸுக்கு மாறாது.

அனுமதி இல்லாதபோது

திரும்ப எழுதுவது ஒரு வழி. ஆறாம் பதிப்பின் அமைப்பைப் பின்பற்றி எம்ஐடி பல்கலைக்கழகம் 2006-இல் புதிதாக எழுதிய எக்ஸ்வி6 இதற்கு நல்ல முன்மாதிரி. உரிமை உள்ள நிரலைப் படித்தவரே திரும்ப எழுதினால் சந்தேகம் வரும். அதனால் ஒருவர் நடத்தையை மட்டும் விவரித்து எழுத, சோர்ஸைப் பார்க்காத இன்னொருவர் நிரல் எழுதுவது வழக்கம். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1) பிரிவு, ஒரு நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர் அதன் இயக்கத்தைக் கவனித்துச் சோதித்துக் கருத்துகளை அறியவும், வேறு வழியில் எளிதில் கிடைக்காத இணைந்தியங்கும் தகவலைப் பெறவும் இடம் தருகிறது. "சட்டப்படி" என்பதில்தான் கனம் இருக்கிறது. கசிந்த பிரதிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இன்னொரு வழி, உரிமையாளரிடம் எழுதிக் கேட்பது. என்ன வாசகம் வேண்டும் என்பதை நீங்களே வரைந்து அனுப்புங்கள். டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் பழைய இயங்குதளமான சிபி/எம் இதற்குப் பாடம். டிஜிட்டல் ரிசர்ச் சொத்துகள் கைமாறி வந்த நிறுவனத்தின் சார்பில் பிரையன் ஸ்பார்க்ஸ் 2001 அக்டோபரில் கொடுத்த அனுமதி, ஓர் இணையதளத்தையும் அதை நடத்துபவர்களையும் ஒட்டி எழுதப்பட்டிருந்தது. அங்கிருந்து எடுத்த மற்றவர்கள் மாற்றிப் பகிரலாமா என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருந்தது. 2022 ஜூலையில்தான், சிபி/எம்மையும் அதன் வழிவந்தவற்றையும் பயன்படுத்த, விநியோகிக்க, மாற்ற, மேம்படுத்த அனுமதி என்று அவரே தெளிவாக எழுதிக் கொடுத்தார். ஒரு பத்தியின் வாசகக் குறையால் ஏறத்தாழ 21 ஆண்டு போனது.

உங்கள் கடிதத்தில் சிஸ்டத்தின் பெயர், பதிப்பு எண்கள், சோர்ஸா பைனரியா ஆவணமா, யாருக்கு அனுமதி ("யாருக்கும்" என்பதே நல்லது), எந்தெந்தச் செயல்கள், வணிகம் சேருமா ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதுங்கள். காலமும் நாடும் சொல்லாமல் விடாதீர்கள். இந்தியச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு 30ஏ வழியாக லைசென்ஸுக்கும் பொருந்தும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். "உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்று எழுதி வாங்குங்கள். பதில் எழுதுபவர் தன் பதவியையும், உரிமை தன் நிறுவனத்துக்கு எப்படி வந்தது என்பதையும் ஒரு வரியில் சேர்க்கச் சொல்லுங்கள். மின்னஞ்சலாக வந்தால் முழு ஹெடரோடு மூல வடிவில் சேமித்து, வாசகத்தை அப்படியே ரெப்போவில் போடுங்கள். பதிலே வராவிட்டால் அதை ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது. அந்த ஃபைல்களை விட்டுவிட்டு, ரீட்மீயில் அவற்றின் பெயரையும் செக்சம்மையும் மட்டும் குறித்துவிட்டு, மற்றவற்றை வெளியிடலாம்.